மேல் பாதி, கீழ்ப் பாதி

சூடேறிய பிளாஸ்டிக்குக்கு ஒரு வாசனை உண்டு. எரிகிற வாசனை அல்ல, எரிவதற்குச் சற்று முன்னால் வருகிற, தித்திப்பும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போன்ற ஒன்று. தில்லை நகரில் பெரியப்பா வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வாசனை கிளம்பினால், வீடியோ கேம் பெட்டியின் அடாப்டர் சூடாகிவிட்டது என்று அர்த்தம். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும் பெரியப்பா எழுந்து வந்து, பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோலப் புறங்கையால் அதைத் தொட்டுவிட்டு, "காய்ச்சல் வந்துடுச்சு, கொஞ்ச நேரம் படுக்கட்டும்" என்று ஒயரைப் பிடுங்கிவிடுவார். பெரியம்மா அதை மொசைக் தரையில் வைத்து, டேபிள் ஃபேனை எங்கள் முகத்திலிருந்து அதன் பக்கமாகத் திருப்பி வைப்பார். அடாப்டருக்குக் காய்ச்சல் இறங்கும்வரை வியர்வை வழிய நானும் சுதாவும் உட்கார்ந்திருப்போம். அதற்குள் நான் தோற்றிருப்பேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சுதா என் பெரியப்பா மகள். அவளும் நானும் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள், மாதக் கணக்கில்தான் வித்தியாசம், அதனால் அக்கா தங்கை என்ற முறையெல்லாம் இல்லாமல் வாடி போடிதான். ஒரே வருஷத்தில் பிறந்த இரண்டு பெண்களை ஒரு குடும்பம் என்ன செய்யுமோ அதைத்தான் எங்கள் குடும்பமும் செய்தது, பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்த்தது. அவளுடைய பின்னல் என்னுடையதைவிட நீளம், அவளுடைய கையெழுத்து உருண்டை, அவள் சாப்பிட்ட தட்டில் ஒரு பருக்கை இருக்காது. இதையெல்லாம் சொன்னது பெரியப்பா வீட்டார் அல்ல, அவர்கள் பாவம், என்னைப் பார்த்தால் "வாடா கண்ணு" என்பதைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் என் அப்பா. காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் மண்டி வைத்திருந்தவர், ஒரு தாரைப் பார்த்த மாத்திரத்தில் பக்கத்துத் தாரோடு ஒப்பிட்டுப் பேசிப் பேசியே பழகியவர், அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார் என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. அப்போது சமாதானமும் இல்லை ஒன்றும் இல்லை, வயிறு எரிந்தது.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ஒரு சீப்புப் பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து தில்லை நகர் போய்ச் சேர்வோம். அப்பாவுக்கு அண்ணனைப் பார்க்க வேண்டும். எனக்கு அந்தப் பெட்டியைப் பார்க்க வேண்டும். பெரியம்மாவின் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பெட்டி அது, அதோடு வந்த ஒரே கேசட் ஒரு கார் பந்தயம். அட்டையிலும் திரையிலும் எல்லாம் ஜப்பான் எழுத்து. என்ன பெயர் என்று யாருக்கும் தெரியாததால் "மலை ரேஸ்" என்று நாங்களே பெயர் வைத்தோம். பச்சையாய் முக்கோண முக்கோணமாய் மலைகள், அவற்றைச் சுற்றி வளைந்து இறங்கும் சாம்பல் நிற ரோடு, திருப்பத்தில் சுவரில் உரசினால் "கீய்ங்" என்று ஒரு சத்தம். உரசுவதற்கு எங்கள் பாஷையில் "தேய்க்கிறது". நான் நிறையத் தேய்ப்பேன்.

இரண்டு பேர் ஆடினால் திரை குறுக்கே இரண்டாகப் பிளந்துகொள்ளும். மேல் பாதியில் சிவப்பு வண்டி, அது சுதா. கீழ்ப் பாதியில் வெள்ளை வண்டி, அது நான். முதல் பிளக்கில் செருகிய ரிமோட்டுக்கு மேல் பாதி என்பது பெட்டியின் சட்டம், பெட்டி யார் வீட்டில் இருக்கிறதோ அவர்களுக்கு முதல் பிளக் என்பது உலகத்தின் சட்டம். இதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவள் போய் உட்காருவாள், நான் பக்கத்தில் உட்காருவேன், அவ்வளவுதான்.

பாதி மலைவரை நான் அவளை ஒட்டியே போவேன். சில சமயம் முன்னாலும் போயிருக்கிறேன். கடைசி இறக்கத்தில் என்ன ஆகுமோ தெரியாது, ஒரு திருப்பத்தில் நான் தேய்ப்பேன், சிவப்பு வண்டி அலுங்காமல் குலுங்காமல் போய்க் கோட்டைத் தொட்டுவிடும். சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் அப்பா, பேப்பருக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து, "சுதா பதறாம ஓட்டுறா பாரு. நீ ஏம்மா இப்படிப் போட்டு அடிச்சுக்கிற" என்பார். அவருக்கு அந்த ஆட்டத்தில் எது வண்டி எது ரோடு என்று தெரியுமா என்பதே சந்தேகம். ஆனாலும் யார் ஜெயித்தது என்பது மட்டும் எப்படியோ தெரிந்துவிடும். திரும்பி வரும்போது பஸ் காவிரிப் பாலத்தின் மேல் போகும், எல்லாரும் ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள், நான் பாவாடை மடிப்புக்குள் கட்டை விரலை அழுத்தி அழுத்திக் கடைசித் திருப்பத்தைத் திரும்பவும் ஓட்டிக்கொண்டு வருவேன். வீட்டில் பெட்டி இல்லாததால் சோப்பு டப்பாவை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்திருக்கிறேன். அம்மா கேட்டால் சும்மா என்பேன்.

என் ஆசை என்ன பெரிய ஆசை? அப்பா பேப்பரை இறக்கும்போது ஒரே ஒரு தடவை வெள்ளை வண்டி முன்னால் நிற்க வேண்டும். அது நடக்கவே இல்லை.

பிறகு பள்ளிக்கூடம் முடிந்தது, சுதா கோயம்புத்தூர் போய்ப் படித்தாள், பெட்டி கெட்டுப்போனது. நான் கல்லூரி படிக்கும்போது சத்திரத்துப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் அதே ஆட்டத்தின் இரண்டாம் பாகத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்தேன். அந்த முக்கோண மலைகளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அதில் மழை பெய்தது, வைப்பர் ஆடியது, எழுத்தெல்லாம் இங்கிலீஷில் இருந்தது. நல்ல ஆட்டம்தான், ஆனால் பக்கத்தில் சுதா இல்லாமல் யாரை ஜெயிப்பது? கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு விட்டுவிட்டேன். நடுவில் மூன்று, நான்கு, ஐந்து என்று வந்துகொண்டே இருந்திருக்கின்றன. நான் கல்யாணம், பிள்ளை, வேலை என்று வேறு மலைகளில் தேய்த்துக்கொண்டிருந்தேன். சுதா அவள் மாமாவைப்போலவே சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது ஏழாம் பாகம் வந்திருக்கிறது. என் மகள் நிலாவுக்கு என்று சொல்லி வாங்கினேன், அவள் கேட்கவே இல்லை.

அழகைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. முக்கோணங்கள் போய் நிஜ மலை வந்துவிட்டது, ரோட்டோரத்தில் சருகு பறக்கிறது, சேற்றில் போனால் சக்கரத்தில் சேறு ஒட்டி, வெயிலில் காய்ந்து உதிர்கிறது. இரண்டாம் பாகத்து மழையில் திரைமேல் வெள்ளைக் கோடுகள் விழும், இதில் ரோடே நனைந்து பளபளக்கிறது. இதெல்லாம் இருக்கட்டும். ஆனால் ரோட்டின் நடுவே ஒரு கோடு வரைந்து, இங்கே வேகத்தைக் குறை, இங்கே திரும்பு என்று பச்சையும் சிவப்புமாய்க் காட்டுகிறானே, அது என்ன நியாயம்? நாங்கள் ஒரு திருப்பத்தைக் கற்றுக்கொள்ள ஒரு கோடை விடுமுறை ஆனது. அதைவிட மோசம், ஒரு பட்டனை அழுத்தினால் காலம் பின்னால் போகிறது. நிலா ஒரு திருப்பத்தில் முழு வண்டியையும் பாறையில் கொண்டுபோய் மோதினாள், நான் "ஐயையோ" என்று கத்திவிட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏம்மா கத்துற, பின்னாடி போனா சரியாயிடும்" என்றாள். நொறுங்கிய கண்ணாடியெல்லாம் பறந்து வந்து ஒட்டிக்கொள்ள, வண்டி பின்னோக்கி நகர்ந்து, திருப்பத்துக்கு முன்னால் சமர்த்தாய் நின்றது. பெற்ற பிள்ளைமேல் பொறாமைப்படலாமா என்றால், பட்டேன். ஒரு நிமிஷம் அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இந்தப் பாகத்தில் இரண்டு பேர் ஒரே திரையில் ஆட முடியாது. அவரவர் வீட்டில் அவரவர் டி.வி.யில் இருந்துகொண்டுதான் மோத வேண்டும். ஆனால் பழைய ஆட்களைச் சமாதானப்படுத்த உள்ளே ஒரு மூலையில் முதல் பாகத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். அதில் மட்டும் திரை இரண்டாகப் பிளக்கும். ஒரு சனிக்கிழமை நிலாவை உட்கார வைத்து அதைத் திறந்தேன். பழக்கதோஷம், நானாகவே இரண்டாவது ரிமோட்டை எடுத்துக்கொண்டேன். வெள்ளை வண்டி வந்தது. அதன் கீழே, திரையின் அடியோரத்தில், ஒரு நீலப் பட்டை இருந்தது.

அதை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினால் வேகம் கூடும், பட்டை தீரும்வரை கூடும் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அழுத்தினேன், வெள்ளை வண்டி பிய்த்துக்கொண்டு போனது. அப்போதுதான் பெரியப்பா வீட்டு ஷோகேஸ் ஞாபகம் வந்தது. பழைய சின்ன டி.வி.க்கு ஆசாரி அளவெடுத்துச் செய்த ஷோகேஸ் அது. பிறகு வாங்கிய பெரிய டி.வி.யை அதற்குள்ளேயே திணித்து வைத்திருந்தார்கள், திரையின் அடியில் ஒரு விரற்கடை மரச்சட்டத்துக்குப் பின்னால் போய்விட்டது. அந்த ஒரு விரற்கடையில்தான் என் நீலப் பட்டை இருந்திருக்கிறது. சுதாவின் பட்டை திரையின் நடுவில், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில். நான் அதை இரண்டு பாதியையும் பிரிக்கிற வரப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது? அவள் கெட்டிக்காரியும் இல்லை, நான் மக்கும் இல்லை, அவளுக்கு ஒரு வேகம் இருந்தது, எனக்கு இல்லை, அவ்வளவுதான். நிலா ஆட்டத்தை முடித்துவிட்டு எழுந்து போன பிறகும் நான் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுதா ஊருக்கு வரட்டும் என்று காத்திருந்தேன்.

அவள் விடுமுறைக்கு வந்தாள். எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டுக்கு மணப்பாறை முறுக்கும் சிங்கப்பூர் சாக்லேட்டுமாய் வந்து, அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அப்பாவுக்கு இப்போது கண் கொஞ்சம் மங்கல், மண்டியை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது. பகலெல்லாம் டி.வி.க்கு எதிரே நாற்காலியில்தான். "சுதாவா? இளைச்சுட்டியேம்மா" என்றார். என்னைப் பார்த்து அவர் அப்படிச் சொல்லி யுகமாகிறது. சரி, போகட்டும்.

காபியைக் கையில் கொடுத்த கையோடு டி.வி.யைப் போட்டு முதல் பாகத்தைத் திறந்து காட்டினேன். ஷோகேஸ் கதையைச் சொல்லி, "இது எனக்குத் தெரியவே தெரியாதுடி. நீ மட்டும் வேகமா போய்ட்டே இருந்திருக்க" என்றேன்.

சுதா கிட்டப் போய்ப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அய்ய, இது வேகமா? நான் பெட்ரோல்னு நினைச்சேன்டி மாலு."

"பெட்ரோலா?"

"ஆமா. ஒரு தடவை நீ இல்லாதப்ப கை தவறி ரெண்டையும் சேர்த்து அழுத்திட்டேன், நீலம் சர்ர்னு இறங்கிடுச்சு. வண்டி வேற போய் மலையில மோதிடுச்சு. பெட்ரோல் ஒழுகுதுன்னு பயந்துபோயிட்டேன். அப்பா மேம்பாலம் இறங்கறப்பல்லாம் ஸ்கூட்டரை ஆஃப் பண்ணிட்டுத்தான் இறங்குவாரு, பெட்ரோல் வீணாகக் கூடாதுன்னு. நானும் அப்படியே, இறக்கத்துல ஆக்சிலேட்டரையே விட்டுடுவேன். அதைத் தொட்டதே இல்ல."

நான் அவளைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் அவளுக்குக் கிடையாது, அது வேறு எரிச்சல். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். அவள் அதை ஒரு தடவையாவது என் எதிரில் செலவழித்திருந்தால் அந்த நீலக் கோடு குறைந்திருக்கும், நானும் அதை வரப்பு என்று நினைத்திருக்க மாட்டேன். ஆக, அவளும் வெறும் கையோடுதான் ஓட்டியிருக்கிறாள், இறக்கத்தில் விரலை எடுத்துவிட்டு ஓட்டியிருக்கிறாள், அப்படியும் ஜெயித்திருக்கிறாள். இத்தனை வருஷம் கழித்து எனக்குக் கிடைத்த ஒரே சாக்கையும் அவள் முறுக்கைக் கடித்துக்கொண்டே பிடுங்கிவிட்டாள்.

"இப்ப ஓட்டு பார்க்கலாம்" என்றேன். குரல் கொஞ்சம் தடித்துத்தான் வந்தது.

"இப்பவா? எனக்கு எல்லாம் மறந்துபோச்சுடி."

"பரவாயில்ல. இந்த ரெண்டு பட்டன்தான். சேர்த்து அழுத்தணும். இப்ப தெரியுதுல்ல?"

"தெரியுது" என்று உட்கார்ந்தாள். முதல் ரிமோட்டை நான் எடுத்துக்கொண்டேன். மேல் பாதி எனக்கு, சிவப்பு வண்டி எனக்கு. அப்பா நாற்காலியை முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

நாற்பதைத் தாண்டியவள், ஆபீசில் எனக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள், ஒரு பொம்மை வண்டிக்காக உள்ளங்கை வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். பாதி மலைவரை வழக்கம்போல ஒட்டியே போனோம். கடைசி இறக்கம் வந்தது. நான் இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினேன், அழுத்திய விரலை எடுக்கவே இல்லை. ஒரு இடத்தில்கூடத் தேய்க்கவில்லை. கோட்டைத் தொட்டபோது கீழ்ப் பாதியில் வெள்ளை வண்டி இன்னும் ஒரு திருப்பம் பின்னால் இருந்தது.

"நான்தான்ப்பா ஜெயிச்சேன்" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

அப்பா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுதா பக்கம் திரும்பி, பிரியமாகக் கேட்டார். "ஏம்மா, விட்டுக் கொடுத்துட்டியா?"

"இல்ல சித்தப்பா, அவ நல்லாத்தான் ஓட்டினா" என்றாள் சுதா. நானாக இருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா என்று தெரியாது.

சாயங்காலம் ஆட்டோ வந்தது. அவளை ஏற்றிவிட்டு வந்தேன். தில்லை நகர் வீடு இருந்த இடத்தில் இப்போது அபார்ட்மெண்ட் நிற்கிறது. பெரியப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன, ஷோகேஸை யார் எடுத்துப் போனார்கள் என்று சுதாவுக்கே தெரியவில்லை. என் வீட்டுப் பெட்டிக்குக் காய்ச்சல் வருவதில்லை, எவ்வளவு நேரம் ஓடினாலும் ஜில்லென்று இருக்கிறது. பெரியப்பா ஒயரைப் பிடுங்கினால் அந்த மத்தியானத்து வெற்றியும் தோல்வியும் ஒன்றாகக் கறுத்துப்போகும், அடுத்த ஞாயிறு எல்லாம் புதுசாய்த் தொடங்கும். இந்த ஏழாம் பாகத்தில் அப்படி இல்லை, ஓட்டிய ஒவ்வொரு பந்தயத்தையும் அதுவே எடுத்து வைத்துக்கொள்கிறது, வேண்டும்போது மறுபடி போட்டுப் பார்க்கலாம். அப்பா தூங்கிவிட்டிருந்தார். நான் போட்டுப் பார்த்தேன்.

ஓட்டும்போது எனக்கு என் பாதியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. இப்போது கீழ்ப் பாதியை மட்டும் பார்த்தேன். கடைசி இறக்கத்தில் வெள்ளை வண்டி மெதுவாக, அழகாக, ஒரு சுவரையும் உரசாமல் தானாக உருண்டு வந்தது. நீலப் பட்டை முதலிலிருந்து கடைசிவரை முழுசாக இருந்தது. அவள் அதைத் தொடவே இல்லை.

பழைய பெட்ரோல் ஞாபகத்தில் விட்டாளா, எனக்காக விட்டாளா என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தும் தெரியவில்லை. நிலாவைக் கூப்பிட்டு, இதை எப்படி அழிப்பது என்று கேட்டேன்.

"அழிக்க முடியாதும்மா" என்றாள். "அது தானா சேவ் ஆயிடும்."